முற்று இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாவது முதல் எட்டாவது வரை 14 பேர். வாரம் நான்கு நாள், 5 மணிக்குத் தொடங்கி 6.15க்குள் முடித்துவிடுவேன். இருட்டினால் கரடி பயம். நான் படித்தது பி.எஸ்சி. கணிதம். ஆங்கிலத்துக்கு 12 டென்ஸையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். நன்றாக ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் மட்டும் ஒரு முற்றுப்புள்ளிகூட வருவதில்லை. எட்டாவது படிக்கும் ஒரு பையன் எழுதியது இது: "மை ஃபாதர் இஸ் கோ டு ஃபேக்டரி மை மதர் ஆர் கோ டு லீஃப் பிளக்கிங் ஐ ஆம் கெட் அப் சிக்ஸ் ஓ கிளாக் ஐ வாஷ் மை ஃபேஸ் டிரிங்க் டீ கோயிங் ஸ்கூல்." இதில் 15 இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவன் எழுதுவதே இல்லை. பிள்ளைகளில் மூன்று பேர் படுகர். இரண்டு பேர் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். எனக்கே கமா எங்கே போடுவது என்று சரியாகத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

பிள்ளைகள் உங்களை அக்கா என்று கூப்பிடலாம். நான் டீச்சர் என்றே எழுதுகிறேன். நாள் முழுக்க ஒரு வேலை பார்த்துவிட்டோ, தேடிக்கொண்டோ, மாலையில் 14 பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்கிற ஒருவருக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம்.

அந்தப் பையனின் வரிகளை நான்கைந்து தடவை படித்தேன். 31 வருடம் மலைப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியவள் நான். இதே மாதிரி வரிகள் ஆயிரக்கணக்கில் என் கையில் வந்து போயிருக்கின்றன. அவன் எழுதியதை அவன் வாயில் வரும் தமிழில் சொல்லிப் பாருங்கள். "அப்பா ஃபேக்டரிக்குப் போறாரு. அம்மா கொழுந்து பறிக்கப் போறாங்க. நான் ஆறு மணிக்கு எந்திரிக்கிறேன். மூஞ்சி கழுவி, டீ குடிச்சு, ஸ்கூலுக்குப் போறேன்." ஒரு பிசகும் இல்லை, பாருங்கள். சொல் வரிசை ஆங்கிலம்தான், மற்றபடி தமிழின் இலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆங்கிலச் சொற்களைக் கோத்திருக்கிறான். அவனுக்கு இலக்கணம் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு மொழியின் இலக்கணம் அவன் ரத்தத்தில் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இன்னொன்றுக்குள் போக முடியும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். "ஐ வாஷ் மை ஃபேஸ் டிரிங்க் டீ கோயிங் ஸ்கூல்." கழுவி, குடிச்சு என்பவை வினையெச்சங்கள். நீங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள், முற்று, எச்சம் என்று. தமிழில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பை எடுத்து, பஸ் பிடித்து என்று எத்தனை எச்சத்தை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். கடைசியில் 'வந்தேன்' என்று ஒரு முற்று வந்தால் போதும், வாக்கியம் முடிந்துவிடும். அந்த 'வந்தேன்' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே யார் வந்தது, எப்போது வந்தது, பேச்சு முடிந்ததா என்று எல்லாம் இருக்கிறது. அதனால்தான் ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளி இல்லாமலேயே நம் முன்னோர்கள் படித்தார்கள். வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது என்று காதுக்குத் தெரியும். புள்ளியும் கமாவும் நம் உரைநடைக்குள் வந்து நிலைத்தது அச்சு வந்த பிறகுதான்.

ஆங்கிலத்தில் 'கோ' என்ற சொல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐ கோ, யூ கோ, தே கோ எல்லாவற்றிலும் அதே சொல்தான். வாக்கியத்தின் நடுவில் வேறு வரும். அது முடிந்ததா இல்லையா என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு குறி வேண்டியிருக்கிறது. உங்கள் பையன் புள்ளி வைக்க மறந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழில் வினையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதைத் தான்தான் செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முற்றுப்புள்ளியிலிருந்து தொடங்குங்கள். மூன்று வாரம் அது ஒன்று மட்டும். டென்ஸ் அட்டவணையை மடித்துப் பெட்டியில் வையுங்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு வருடம் அந்த அட்டவணையைத்தான் சுவரில் ஒட்டி நடத்தினேன். கோ, வென்ட், கான் என்று பிள்ளைகள் பாட்டாகப் பாடினார்கள். அதில் ஒருத்தியிடம் "நேற்று எங்கே போனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் அட்டவணையின் முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள், பதில் வரவில்லை. அன்றைக்கு அவள் நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, புள்ளியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? முதல் இரண்டு நாள் தமிழிலேயே செய்யுங்கள். எஸ்டேட்டில் நடந்த ஏதாவது ஒன்றை எட்டுப் பத்து வாக்கியமாக, ஒரு குறியும் இல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். மழையில் மரம் விழுந்து பஸ் நின்றது, பால்காரர் நடந்தே வந்தது, இப்படி. ஒவ்வொரு பிள்ளையாக வந்து முற்று வினையின் அடியில் கோடு போட்டு, அதற்குப் பக்கத்தில் புள்ளி வைக்கட்டும். 'விழுந்து' என்பதில் கோடு போடுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள். "மரம் விழுந்து... அப்புறம்?" என்று கேளுங்கள். அதுவே கையை எடுத்துவிடும்.

மூன்றாம் நாள் ஆங்கிலத்துக்கு வாருங்கள். அங்கே முற்றைச் சொல்லின் கடைசியில் தேட முடியாது. இரண்டு கேள்வி கேட்க வேண்டும். யார்? என்ன செய்தார், அல்லது என்னவாக இருக்கிறார்? இரண்டுக்கும் பதில் கிடைத்து, அதோடு தொக்கி நிற்பது எதுவும் இல்லையென்றால் புள்ளி. "மை ஃபாதர்" என்றால் யார் என்பது மட்டும் கிடைத்தது. "மை ஃபாதர் வொர்க்ஸ்" என்றால் இரண்டும் கிடைத்துவிட்டது. "மை ஃபாதர் வொர்க்ஸ் இன் தி ஃபேக்டரி" என்று இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அதற்குப் பின்னால் புள்ளி. அடுத்து "மை மதர்" என்று புதிதாக ஒருவர் வந்து, அவருக்கென்று ஒரு வேலையும் வந்தால் அது பெரும்பாலும் அடுத்த வாக்கியம்.

இதற்கு ஒரு விளையாட்டு உண்டு. நான் வருடா வருடம் செய்தது. சொற்களை ஆளுக்கு ஓர் அட்டையாக எழுதிக் கொடுத்து வரிசையாக நிற்க வையுங்கள். ஒரு பிள்ளைதான் முற்றுப்புள்ளி. அது கையில் ஒரு கறுப்புப் பொத்தானோ கரித்துண்டோ வைத்துக்கொண்டு, வாக்கியம் முடிகிற இடத்தைத் தேடிப் போய் நிற்க வேண்டும். அதற்கு அடுத்து நிற்கும் பிள்ளை உடனே குல்லா போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் கேப்பிட்டல் லெட்டர். நம் ஊரில் குல்லா இல்லாத பிள்ளை ஏது? புள்ளி இடம் மாறினால் குல்லாவும் தலை மாறும். நான்கு நாள் இப்படி விளையாடிவிட்டால், அப்புறம் நோட்டில் கேப்பிட்டல் மறந்த இடத்தில் "குல்லா எங்கே?" என்று கேட்டாலே போதும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் அது கண்ணில் படுவதற்குக் கொஞ்ச காலம் எடுக்கும். ஃபோனில் தட்டினால் அதுவாகவே பெரிய எழுத்து விழுகிறது, கையால் எழுதும்போது விழாது. பெயர், ஊர், கிழமை, மாதம், 'நான்' என்கிற 'ஐ', இவற்றுக்கு எப்போதும் குல்லா உண்டு. அவரவர் இனிஷியலோடு பெயரை எழுதச் சொல்லித் தொடங்குங்கள். தன் இனிஷியலைத் தப்பாக எழுத எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது.

வாய்விட்டு வாசிப்பதையும் விடாதீர்கள். நிறுத்தக்குறிகள் முதலில் பிறந்ததே குரலுக்காகத்தான். கி.மு. 200 வாக்கில் அலெக்சாண்டிரியா நூலகத்தில் இருந்த அரிஸ்டோபேனஸ் என்ற கிரேக்க அறிஞர், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று காட்ட எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். கமா என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் வெட்டியெடுத்த துண்டு என்று பொருள். நீங்கள் ஒரு பத்தியை நிதானமாக வாசியுங்கள். வாக்கியம் முடியும் இடத்தில் பிள்ளைகள் ஒரு தட்டு கைதட்டட்டும். ஆனால் குரலை மட்டும் நம்பினால் பாதிதான் சரியாக வரும். மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் கமா போட்டுவிடுவார்கள். யார், என்ன செய்தார் என்ற கேள்வியும் கூடவே இருக்க வேண்டும்.

இனி அந்த 'இஸ் கோ'. நான் அதிகமாகத் திருத்திய தவறு இதுதான். 'இஸ்' என்றால் 'கிறான், கிறார்' என்று எங்கேயோ பிள்ளைகள் மனதில் விழுந்துவிடுகிறது. போ-கிறார், இஸ் கோ. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று எழுதுகிறார்கள். இதை விளக்கத் தமிழே உதவும். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் 'தினமும்', இன்னொரு பக்கம் 'இப்போது' என்று எழுதுங்கள். தினமும் அம்மா கொழுந்து பறிக்கிறார். ஷி பிளக்ஸ். இப்போது அம்மா கொழுந்து பறித்துக்கொண்டு இருக்கிறார். ஷி இஸ் பிளக்கிங். தமிழில் 'இருக்கிறார்' என்று தனியாக ஒரு சொல் கேட்கிறதா? கேட்டால் ஆங்கிலத்தில் 'இஸ்' வரும், வினையோடு 'இங்' ஒட்டும். கேட்கவில்லையென்றால் 'இஸ்' வேண்டாம்.

இந்தக் குறுக்குவழியில் இரண்டு ஓட்டை உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். "அவர் டிரைவர்" என்ற வாக்கியத்தில் 'இருக்கிறார்' என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் "ஹி இஸ் எ டிரைவர்" என்று சொல்லியே ஆக வேண்டும். அங்கே வேறு வினையே இல்லை, வாக்கியத்தைத் தாங்க 'இஸ்' வருகிறது. இரண்டாவது, "வந்திருக்கிறார்". அதிலும் இருக்கிறார் கேட்கிறது, ஆனால் அது "ஹேஸ் கம்". அதை இப்போது தொடாதீர்கள். மற்றது பழகிய பிறகு, 'ஹேவ், ஹேஸ்' நடத்தும்போது இதே வந்திருக்கிறார்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

"மை மதர் ஆர்" என்று அவன் எழுதியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது அழகான காரணம். அம்மா போறாங்க, டீச்சர் வர்றாங்க என்று மரியாதைக்குப் பன்மை சொல்லி வளர்ந்த பிள்ளை அவன். பன்மைக்கு 'ஆர்' என்று படித்ததும் அம்மாவுக்கு 'ஆர்' போட்டுவிட்டான். அவனிடம் இதைச் சொல்லுங்கள்: "நீ அம்மாவுக்கு மரியாதை கொடுத்தது சரி. ஆங்கில வினையில் மரியாதைக்கு இடம் இல்லை. அங்கே எண்ணிக்கை மட்டும்தான். அம்மா ஒருத்தர், அதனால் இஸ்." தலைமையாசிரியரை 'ஹி' என்று எழுதக் கூச்சப்பட்டு ஒவ்வொரு தடவையும் முழுப்பெயரை எழுதிய பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். இது தெரிந்த பிறகு அவளுக்கு ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

வினையோடு ஒட்டும் 'எஸ்' பற்றியும் இதையொட்டியே ஒரு வார்த்தை. எஸ் என்றால் பன்மை என்றுதான் பிள்ளைகள் முதலில் படிக்கிறார்கள். அதனால் "தி பாய்ஸ் ரன்ஸ்" என்று எழுதுகிறார்கள். நம் மொழியில் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறது என்று எல்லா இடத்திலும் வால் மாறும். ஆங்கிலத்தில், தினமும் நடப்பதைச் சொல்லும்போது, அவன், அவள், அது என்ற மூன்றுக்கு மட்டும் ஒரு எஸ் ஒட்டும். "ஆள் மேல் எஸ் இருந்தால் வேலை மேல் வேண்டாம், வேலை மேல் இருந்தால் ஆள் மேல் வேண்டாம்" என்று சொல்லிப் பழக்கலாம். தி பாய் ரன்ஸ், தி பாய்ஸ் ரன். ஐ, யூ வரும்போது இந்த விதி உதவாது, அவற்றைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். அவர்களுக்கு இந்தி தெரிந்திருந்தால், மேலே சொன்ன 'இருக்கிறார்' வழி அவர்களைக் குழப்பும். இந்தியில் "ஜாதா ஹை" என்றால் தினமும் போகிறான். "ஜா ரஹா ஹை" என்றால் போய்க்கொண்டிருக்கிறான். இரண்டிலும் 'ஹை' இருக்கிறது. 'ஹை' கேட்டால் 'இஸ்' என்று போனால் திரும்பவும் 'இஸ் கோ'தான் வரும். அவர்களுக்கு "ரஹா, ரஹீ கேட்டால் இஸ்ஸும் இங்கும்" என்று சொல்ல வேண்டும். இந்தியில் வாக்கியத்தின் முடிவில் புள்ளிக்குப் பதிலாக நெட்டுக்கோடு போடுவார்கள். அவர்கள் ஆங்கிலத்திலும் கோடு போட்டால் சிரிக்க விடாதீர்கள். முடியும் இடம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம், அது பெரிய விஷயம். படுகர் பிள்ளைகளுக்குத் தமிழும் நன்றாகவே வரும், படுகு மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. இருந்தாலும் ஒரு வாக்கியத்தை அவர்கள் ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு அதையும் பலகையில் எழுதுங்கள். தன் வீட்டு மொழி கரும்பலகையில் ஏறினால் பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இப்போது உங்களைப் பயமுறுத்தும் கமாவுக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியும். தமிழ்நாட்டில் படித்த எல்லோரும் மனப்பாடமாக எழுதிய ஒரு கடிதம் இருக்கிறதே: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் தி கிளாஸ்." லீவ் லெட்டர். 'ஃபீவர்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கமா போட்டிருப்பீர்கள். ஏன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: காய்ச்சல் இருப்பதால், வகுப்புக்கு வர முடியவில்லை. 'இருப்பதால்' தொக்கி நிற்கிறது. அது தனியாக நிற்காது, பின்னால் வரும் முற்றைத் தேடிப் போகிறது. அப்படித் தொக்கி நிற்கும் துண்டு முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா. "மழை பெய்யும்போது," வென் இட் ரெய்ன்ஸ், கமா. "பஸ் வராவிட்டால்," இஃப் தி பஸ் டஸ் நாட் கம், கமா. அதே துண்டு பின்னால் போனால் பெரும்பாலும் கமா தேவையில்லை. "ஐ வாக் இஃப் தி பஸ் டஸ் நாட் கம்."

பிள்ளைகளுக்கு அந்த லீவ் லெட்டரை எழுதச் சொல்லி, காய்ச்சல் இருக்கும் இடத்தில் மட்டும் வேறு காரணம் வைக்கச் சொல்லுங்கள். ஆடு காணாமல் போனது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ரோட்டில் காட்டெருமை நின்றது. மனப்பாடம் செய்த சட்டம் ஒன்று கையில் இருக்கும்போது, அதற்குள் தன் வாழ்க்கையை எழுத அவர்களுக்குத் துணிச்சல் வரும். என் அனுபவத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிய முதல் வாக்கியம் பல நேரம் இப்படித்தான் பிறந்தது.

கமாவின் இன்னொரு வேலை பட்டியல். தமிழில் கேரட்டும் பீட்ரூட்டும் பீன்ஸும் என்று ஒவ்வொன்றுக்கும் 'உம்' போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'அண்ட்', அதுவும் கடைசிப் பொருளுக்கு முன்னால். மற்ற உம்களின் இடத்தில் கமா. உங்கள் பையனின் கடைசி வரியும் ஒரு பட்டியல்தான், வேலைகளின் பட்டியல்: "ஐ வாஷ் மை ஃபேஸ், டிரிங்க் டீ அண்ட் கோ டு ஸ்கூல்." அந்த அண்டுக்கு முன்னால் கமா வேண்டுமா என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடுகிறது, பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் போடுவதில்லை. இரண்டும் சரி. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள்.

கமாவால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. அதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். மழை பெய்தது, பஸ் வரவில்லை என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக்கூடாது. நடுவில் புள்ளி வையுங்கள், இல்லையென்றால் 'ஸோ', 'பட்', 'அண்ட்' என்று ஒன்றைச் சேருங்கள். முற்றைக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளைக்கு இதுவும் எளிதாகப் புரியும்.

'எ', 'ஆன்' சொல்லிக்கொடுக்க உங்களிடம் நல்ல வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஓர் ஆடு, ஒரு மாடு. உயிரெழுத்துக்கு முன்னால் ஓர். ஆங்கிலச் சொல்லை அது ஒலிக்கிறபடி தமிழில் எழுதச் சொல்லுங்கள். அம்ப்ரெல்லா, 'அ' உயிர், அதனால் ஆன். யூனிஃபார்ம், 'யூ' உயிர்மெய், அதனால் எ. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குழம்புகிற இடத்தில் தமிழ் எழுத்து தெளிவாகக் காட்டிவிடும். மணி நேரத்துக்கான 'அவர்' என்ற சொல்லுக்கு ஆன் வருவதும் இப்படியே புரிந்துவிடும். 'தி' கொஞ்சம் கடினம், வருடக் கணக்கில் ஆகும். முதலில் ஒரு கரடி வந்தது, பிறகு அந்தக் கரடி கதவை உடைத்தது என்று கதை சொல்ல வையுங்கள். எ பேர், அப்புறம் தி பேர். எட்டாவது வரைக்கும் இது போதும்.

'டிட் யூ வென்ட்?' என்று கேட்பார்கள். கொழுந்து மூட்டை ஒன்றுதான், அதை ஒருவர்தான் தூக்க முடியும் என்று சொல்லுங்கள். இறந்தகாலச் சுமையை டிட் தூக்கிக்கொண்டது, கோ வெறுங்கையோடு வரட்டும். டிட் யூ கோ? அபாஸ்ட்ரஃபியை இரண்டு மாதம் கழித்து எடுங்கள். எழுத்து ஒன்று விழுந்த இடத்தில் வரும், 'உடைய' என்ற பொருளில் வரும், பன்மைக்கு வரவே வராது. மேற்கோள்குறிக்கு அவசரமே இல்லை.

பிள்ளைகள் முன்னால் தப்பு செய்துவிடுவேனோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தப் பயம் உங்கள் கடைசி வரிகளில் தெரிகிறது. சந்தேகம் வந்தால் "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். அது மட்டும் தவறக்கூடாது. நல்ல அகராதி ஒன்றை வாங்கி நடுவில் வையுங்கள், பிள்ளைகளும் புரட்டட்டும். கணிதம் படித்தவர் என்பது உங்களுக்குப் பலம். ஒரு படி சரியாக வந்த பிறகுதான் அடுத்த படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருத்துவதிலும் அதே படிதான். முற்றுப்புள்ளி வாரத்தில் முற்றுப்புள்ளியை மட்டும் பாருங்கள். 'இஸ் கோ' கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. நோட்டின் ஓரத்தில் உங்களுக்காக ஒரு சின்ன குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள், அதற்கான வாரம் வரும். சிவப்பு மை வேண்டாம், பென்சில் போதும். தவறின் மேல் வட்டம் போடுவதற்குப் பதிலாக வரியின் ஓரத்தில் '2' என்று எழுதுங்கள், அந்த வரியில் இரண்டு புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று பிள்ளை தேடட்டும்.

அப்புறம் அந்தப் பையன். அவனை எழுதச் சொல்லி இப்போது வற்புறுத்தாதீர்கள். அவன் எழுதிய அந்த வரிகளை நீங்களே ஒரு புதுத் தாளில், உங்கள் கையெழுத்தில், வட்டம் எதுவும் இல்லாமல், அவன் எழுதியபடியே எழுதுங்கள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பும்போது அவனிடம் கொடுத்து, "இதில் எத்தனை பேர் வருகிறார்கள், யார் என்ன செய்கிறார்கள், சொல்லு" என்று கேளுங்கள். அப்பா ஃபேக்டரிக்குப் போகிறார் என்பான். பென்சிலைக் கொடுங்கள், ஒரு புள்ளி வைப்பான். அம்மா கொழுந்துக்குப் போகிறார், இன்னொன்று. ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன், இன்னொன்று. முகம் கழுவி, டீ குடித்து என்று வரும்போது கொஞ்சம் தயங்குவான். "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஸ்கூல் வரைக்கும் போய் நான்காவதை வைப்பான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்